வானத்துல சாம்பல் கலர் புள்ளி வருது, சென்சார் தூசியா? நானே க்ளீன் பண்ணலாமா?

வைகைக்கரை_ஃப்ரேம்:

வணக்கம் மக்களே. ஃபுல் ஃப்ரேம் மிரர்லெஸ் வெச்சிருக்கேன், கூட 24-70 லென்ஸ் ஒண்ணு, 70-200 லென்ஸ் ஒண்ணு. பொங்கலுக்கு அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர்னு மூணு ஊருக்கும் போய் ஜல்லிக்கட்டு எடுத்தேன். வாடிவாசல் பக்கம் நின்னவங்களுக்குத் தெரியும், மாடு வெளிய பாயுறப்ப கீழ பரப்பி வெச்சிருக்க தென்னைநார்க் கழிவும் மண்ணும் சேர்ந்து ஆள் உயரத்துக்கு எந்திரிச்சு நிக்கும். அதுக்கு நடுவுலதான் லென்ஸ் மாத்தி மாத்தி எடுக்க வேண்டியிருந்துச்சு, மாடு வாசல விட்டு வர்றப்ப தூரத்துக்கு ஒண்ணு வேணும், தடுப்புப் பக்கமா திரும்பி வந்துட்டா கிட்டத்துக்கு இன்னொண்ணு வேணும், வேற வழி இல்ல. அந்தப் படம் எல்லாம் சுத்தமாத்தான் இருக்கு, ஜூம் பண்ணிப் பாத்தாலும் ஒரு புள்ளி இல்ல.

போன வாரம் மேகமலை போனேன். விடியக்காலைல தேயிலைத் தோட்டம், மேல வெறும் வானம், ட்ரைபாட் போட்டு எஃப் 16ல எடுத்தேன். வீட்டுக்கு வந்து லேப்டாப்ல ஏத்திப் பாத்தா வானம் பூரா மங்கலா வட்டம் வட்டமா சாம்பல் கலர்ல புள்ளி, ஒரு இடத்துல வளைஞ்ச முடி கணக்கா ஒரு கோடு. பறவை ஏதாவது இருக்கும்னு பாத்தா எல்லாப் படத்துலயும் அதே இடம். லென்ஸ் மாத்தி எடுத்தேன், அப்பவும் அதே இடம்.

இது தூசிதானா இல்ல சென்சார் அடி வாங்கிருச்சா? தூசின்னா ஜல்லிக்கட்டுப் படத்துல ஏன் தெரியல? கடையில கேட்டா கேமராவ விட்டுட்டுப் போங்க, எப்ப கிடைக்கும்னு இப்ப சொல்ல முடியாதுன்றாங்க. சித்திரைத் திருவிழா வருது, அழகர் ஆத்துல எறங்கறப்ப கையில கேமரா இல்லாம என்னால இருக்க முடியாது. வீட்டுலயே பண்ணலாம்னா எப்படின்னு கொஞ்சம் வெவரமா சொல்லுங்க.

ஒளிவாங்கி:

தம்பி, பதறாதீங்க, நீங்க சொல்ற அடையாளம் எல்லாமே தூசிக்குத்தான் பொருந்துது. ரெண்டு லென்ஸ்லயும் அதே இடம்னா அது லென்ஸ்ல இல்ல. லென்ஸ் கண்ணாடில தூசி இருந்தா இப்படித் தனித்தனி புள்ளியா விழாது, ரொம்ப அதிகமா இருந்தா படம் மொத்தமும் கொஞ்சம் வெளிறும், சூரியனப் பாத்து எடுத்தா ஃப்ளேர் அடிக்கும், அவ்வளவுதான். அந்த வளைஞ்ச கோடு அனேகமா நாரு, தென்னைநார்னு நீங்களே சொல்லிட்டீங்களே. சென்சார்ல பிக்சல் பழுதுன்னா வேற மாதிரி வரும், சிவப்பு பச்சை நீலம்னு ஒரே பிக்சல் அளவுல பளிச்சுன்னு எரியும், ராத்திரி நீள எக்ஸ்போஷர் போட்டா இன்னும் அதிகமா தெரியும். தூசி எப்பவும் இருட்டா, ஓரம் மெத்துன்னு இருக்கும்.

ஜல்லிக்கட்டுல ஏன் தெரியலன்றது நல்ல கேள்வி, இது புரிஞ்சா பாதி பயம் போயிரும். தூசி பிக்சல் மேலயே போய் உக்காரல. பிக்சலுக்கு முன்னாடி கண்ணாடி ஃபில்டர் அடுக்கு இருக்கு, அகச்சிவப்பு ஒளிய வடிக்கறது எல்லாம் அதுலதான், தூசி விழுறது அதோட வெளிப்பக்கம். நடுவுல கொஞ்சம் இடைவெளி இருக்கறதால நாம படத்துல பாக்கறது தூசிய இல்ல, தூசியோட நிழல. ராத்திரி கரண்ட் போய் மெழுகுவத்தி ஏத்துனா சுவத்துல விரலோட நிழல் தெளிவா விழும், அதே கைய நீளமான ட்யூப்லைட்டுக்குக் கீழ நீட்டுனா நிழல் கலைஞ்சு போயிரும். எஃப் 16ல லென்ஸ் துவாரம் சின்னது, ஒளி மெழுகுவத்தில இருந்து வர்ற மாதிரி ஒடுக்கமா வருது, எஃப் 2.8ல துவாரம் பெருசு, ட்யூப்லைட் மாதிரி அகலமா வருது. கணக்காவும் போடலாம், அந்த இடைவெளிய 2 மில்லிமீட்டர்னு வெச்சுக்கோங்க, அத எஃப் நம்பரால வகுத்தா நிழலோட ஓரம் எவ்வளவு அகலத்துக்குக் கலையுதுன்னு வந்துரும். எஃப் 2.8ல 0.7 மில்லிமீட்டர், எஃப் 16ல 0.125. 24 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேம்ல ஒரு பிக்சல் சுமாரா 6 மைக்ரான், அப்படின்னா எஃப் 2.8ல நிழல் நூறு பிக்சலுக்கு மேல பரவிக் கரைஞ்சிருது, எஃப் 16ல இருபது பிக்சல் சொச்சத்துல அடங்கிப் புள்ளியா நிக்குது. நீங்க வாடிவாசல்ல எஃப் 4 பக்கம் வெச்சு ஷட்டர வேகமா ஓட்டியிருப்பீங்க, பின்னாடி வேற ஆயிரம் தலை, அதுக்குள்ள எந்தப் புள்ளி தெரியப்போகுது. வெறும் வானத்துல எல்லாம் வெளிய வந்துருச்சு.

சரி, டெஸ்ட். வெள்ளைச் சுவரு, இல்லன்னா மேகமில்லாத வானம், ரெண்டும் இல்லன்னா லேப்டாப்ல ஒரு வெள்ளைப் பக்கத்தத் தொறந்து வெச்சுக்கோங்க. அபர்ச்சர் மோடு, ஐஎஸ்ஓ 100, எஃப் 16, எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் +1. ஆட்டோஃபோகஸ ஆஃப் பண்ணிட்டு வேணும்னே ஃபோகஸக் கெடுங்க, சுவரு பக்கத்துல நின்னா இன்ஃபினிட்டில வெச்சிருங்க, வானத்த எடுத்தா லென்ஸ் எவ்வளவு கிட்ட ஃபோகஸ் பண்ணுமோ அங்க வெச்சிருங்க. ஷட்டர் ஒரு செகண்டுக்குப் போனாலும் பரவால்ல, இன்னும் நல்லது, கேமராவ லேசா ஆட்டிக்கிட்டே எடுங்க. சுவத்தோட சொரசொரப்பு எல்லாம் அழிஞ்சிரும், சென்சார் பக்கம் ஒட்டியிருக்கறது மட்டும் எடம் மாறாம நிக்கும். அந்தப் படத்த 100 சதவீதம் பெருசாக்கி மூலைல இருந்து வரிசையா பாத்துட்டு வாங்க. லைட்ரூம் சாஃப்ட்வேர் இருந்தா புள்ளிய அழிக்கற ஹீல் டூல எடுத்து ஸ்பாட் காட்டுற பெட்டில டிக் போட்டு ஸ்லைடர நகத்துனா புள்ளி எல்லாம் வெள்ளையா எடுப்பா தெரியும், ஜிம்ப்ல லெவல்ஸ் போய் ஆட்டோ குடுத்தாலே போதும்.

ஒண்ணு மனசுல வெச்சுக்கோங்க தம்பி. எஃப் 22ல எடுத்துக் கான்ட்ராஸ்ட்ட முழுசா ஏத்திப் பாத்தா பெட்டிய அன்னிக்குத்தான் பிரிச்ச கேமராவுலயும் நாலு புள்ளி தெரியலாம். அதப் பாத்துட்டு தொடைக்க ஆரம்பிச்சா அதுக்கு முடிவே கிடையாது. நீங்க நெஜமா எடுக்கற அபர்ச்சர்ல, சாதாரணமா பாக்கறப்ப கண்ணுக்குத் தெரியுற புள்ளிக்கு மட்டும் வேல பாருங்க.

இன்னொண்ணு, லென்ஸ் கழட்டி சென்சார முன்னாலருந்து பாத்துத் தேடுறீங்கன்னா, படம் சென்சார்ல தலைகீழாத்தான் விழுது. படத்துல இடது மேல் மூலைல புள்ளின்னா, உங்களப் பாத்த மாதிரி கேமராவ நேரா வெச்சா அது இடது கீழ் மூலைல இருக்கும். மேல கீழதான் மாறும், இடது வலது மாறாது.

பந்தல்_வெளிச்சம்:

ப்ரோ நான் கல்யாணம் எடுக்கறவன், எஃப் 2ல இருந்து 4க்குள்ளதான் என் பொழப்பு, அதனால சென்சார் தூசிய நான் கண்டுக்கறதே இல்ல. மேகமலைப் படத்துக்கு இப்போதைக்கு ஒரே வழி ஹீல்தான், ஒரு படத்துல எல்லாப் புள்ளியையும் எடுத்துட்டு அதே ஹீல மத்த படத்துக்கு சிங்க் பண்ணிருங்க, தூசி ஒரே இடத்துல இருக்கறதால பொருந்திரும். ஆனா சிங்க் பண்ணிட்டு அப்படியே எக்ஸ்போர்ட் குடுக்காதீங்க, ஒரு தடவ ஒவ்வொண்ணாப் பாருங்க, ஒரு படத்துல வானமா இருந்த இடம் இன்னொண்ணுல மலை விளிம்பா இருந்தா அங்க கன்றாவியா ஒட்டி வெச்சிருக்கும். டிஎஸ்எல்ஆர் வெச்சிருக்கவங்களுக்கு ஒண்ணு, வியூஃபைண்டர்ல தூசி தெரிஞ்சு படத்துல வரலன்னா அது வியூஃபைண்டருக்குப் படம் காட்டுற ஃபோகஸிங் ஸ்க்ரீன்ல இருக்கு, விட்டுருங்க.

மத்தபடி ப்ளோயர், அதான் ரப்பர் குமிழ அழுத்திக் காத்து ஊதறது, அதெல்லாம் தூசிய இந்த மூலைல இருந்து அந்த மூலைக்குத் தள்ளுறதுதான், ஸ்வாப் கிட் (சென்சார் தொடைக்கற தட்டைக் குச்சியும் திரவமும்) ஒண்ணு வாங்கி நேரா தொடைச்சிருங்க, அஞ்சு நிமிஷத்துல வேல முடிஞ்சது.

ஸ்க்ரூடிரைவர்_நெல்லை:

பந்தல் ப்ரோ ஹீல் பத்தி சொன்னது அத்தனையும் சரி, ஆனா அந்தக் கடைசி வரிய நான் ஒத்துக்க மாட்டேன். நான் கேமரா சர்வீஸ்தான் பண்றேன், என்கிட்ட வர்ற கோடு விழுந்த சென்சார்ல நிறைய "நேரா தொடைச்சேன்" கேஸ்தான். உங்களுக்கு மண்டபத்துல உழறது துணி நூலும் பவுடரும், ஈரம் பட்டா வந்துரும். இவருக்கு உழுந்திருக்கறது வாடிவாசல் மண்ணு. மண்ணுல குவார்ட்ஸ் இருக்கும், மோஸ் அளவுல அதோட கடினம் 7, சாதாரணக் கண்ணாடி 5.5 பக்கம்தான். ஒரே ஒரு மணல் துகள் மேல ஸ்வாப்ப வெச்சு இழுத்தீங்கன்னா ஃபில்டர் மேல இருக்க பூச்சுல கீறல், அது எந்த திரவத்துக்கும் போகாது, ஃபில்டர மாத்தணும், சில மாடல்ல சென்சார் யூனிட்டையே மாத்தணும். அதனால ஊதாம தொடைக்கக் கூடாது. இதுல எனக்கு ரெண்டாவது கருத்தே கிடையாது.

மொதல்ல மெனுவுல போய் சென்சார் க்ளீனிங் குடுங்க. கண்ணாடிய அதிர வெச்சு ஒதறி விடுற சிஸ்டம், ஒலிம்பஸ் 2003ல இ-1 கேமராவுல கொண்டு வந்தாங்க, கேனான் 2006ல 400டில குடுத்தாங்க, இப்ப பெரும்பாலும் எல்லாத்துலயும் இருக்கு. காஞ்ச தூசில கொஞ்சம் இதுலயே உதிரும். போகலன்னா ப்ளோயர். ரப்பர் குமிழ் நல்லா பெருசா இருக்கறதா வாங்குங்க, சின்னது பிரயோஜனம் இல்ல. பழைய ப்ளோயர்னா முதல்ல வெளிய நாலு தடவ அழுத்தி உள்ள இருக்க தூசிய வெரட்டிருங்க. ரூம்ல ஃபேன நிறுத்துங்க, ஜன்னல மூடுங்க, நம்ம ஊர்ல இத மறந்துட்டு தலைக்கு மேல ஃபேன் ஓட ஓட லென்ஸக் கழட்டி வெச்சு உக்காந்திருப்பாங்க. கேமராவோட வாய் தரையப் பாக்கணும், கீழ இருந்து மேல நோக்கி ஊதணும், அப்பத்தான் கெளம்புன தூசி கீழ விழும். ப்ளோயர் மூக்கு கண்ணாடில பட்டுரக் கூடாது, லென்ஸ் மாட்டுற மவுன்ட்டுக்கு உள்ள ரொம்ப விடாதீங்க. வாயால ஊதாதீங்க, எச்சில் தெறிச்சா அது தூசியவிட மோசம். கம்ப்யூட்டருக்கு அடிக்கற ஸ்ப்ரே டப்பா காத்தும் வேண்டாம், அதுல இருக்க வாயு திரவமாவே வெளிய வந்து கண்ணாடில படிஞ்சிரும்.

கேமராவப் பொறுத்து சில விஷயம் மாறும். டிஎஸ்எல்ஆர்ல மிரர மேல தூக்கி நிறுத்தற மெனு இருக்கும், பேட்டரி முழுசா சார்ஜ் இல்லாம அதத் தொடவே கூடாது, நடுவுல சார்ஜ் போனா மிரரும் ஷட்டரும் மூடிக்கும், உள்ள உங்க ஸ்வாப் இருந்தா கதை முடிஞ்சது. மிரர்லெஸ்ல சில மாடல் ஆஃப் பண்ணா ஷட்டர் திரைய மூடிக்கும், கேனான் ஈஓஎஸ் ஆர் 2018ல வந்தப்பவே அப்படித்தான். தூசிக்கு நல்லதுதான், ஆனா அந்தத் திரை ரொம்ப மெல்லிசு, அத சென்சார்னு நினைச்சு தொடைச்சா மடங்கிரும், வேகமா ஊதவும் கூடாது. க்ளீனிங் மோடுக்குப் போய் சென்சார் கண்ணுக்குத் தெரியுதான்னு உறுதி பண்ணிட்டு ஆரம்பிங்க. கை நடுக்கத்த சரி பண்ற ஸ்டெபிலைசர் உள்ளயே இருக்க பாடில சென்சார் மிதந்துட்டு இருக்கும், லேசா ஆடினா பயப்படாதீங்க, ஆனா அழுத்தாதீங்க.

ஊதிட்டு திரும்ப எஃப் 16ல ஒரு டெஸ்ட் எடுங்க. இடம் மாறுன புள்ளி, காணாமப் போன புள்ளி எல்லாம் காஞ்ச தூசி, இன்னும் ஊதலாம். எத்தன ஊதினாலும் அதே இடத்துல நிக்கறது மட்டும்தான் ஸ்வாப் கேஸ்.

நல்லா வட்டமா, நடுவுல வெளுத்து ஓரத்துல கறுத்து இருந்தா அது எண்ணெய் துளியா இருக்கலாம், ஷட்டர் மெக்கானிசத்துல இருந்து தெறிக்கறது. தொடைச்சாலும் திரும்பத் திரும்ப வந்தா அது உங்க பராமரிப்புல உள்ள குறை இல்ல, கம்பெனிகிட்டதான் கேக்கணும். நிக்கான் டி600 2012ல வந்தப்ப நிறைய பேருக்கு புள்ளி வந்துட்டே இருந்துச்சு, கடைசில 2014 பிப்ரவரில வாரன்டி முடிஞ்சிருந்தாலும் இலவசமா க்ளீன் பண்ணி ஷட்டர மாத்தித் தர்றோம்னு அவங்களே அறிவிச்சாங்க.

உப்பளத்துக்_குருவி:

நான் தூத்துக்குடி, உப்பளத்துப் பக்கம் பூநாரை எடுக்கறவ. நெல்லை அண்ணாச்சி சொன்னதோட ஒண்ணு சேத்துக்கறேன், கடற்கரைக்காரங்களுக்கு இது முக்கியம். கடல் காத்துல வர்ற நீர்த்துளி காஞ்சா உப்பு மட்டும் கண்ணாடில ஒட்டிக்கும், அது எவ்வளவு ஊதினாலும் அசையாது, ஈர ஸ்வாப் போட்டுத்தான் ஆகணும். உப்ப அப்படியே மாசக்கணக்குல விடாதீங்க, நம்ம ஊரு ஈரப்பதத்துல அது வேற பாடு.

அப்புறம் எல்லாரும் சென்சார மட்டும் பாத்துட்டு மூடிய விட்டுருவாங்க. லென்ஸோட பின் மூடி, பாடி மூடி, ரெண்டையும் தண்ணில கழுவி நல்லா காய வெச்சு ஊதிட்டு மாட்டுங்க, பையில பாக்கெட்ல கிடக்கற மூடிலதான் தூசி சேருது, அது நேரா லென்ஸ் பின்பக்கம் போய், அங்கேருந்து சென்சாருக்குப் போகுது. லென்ஸ் பின் கண்ணாடியச் சுத்தி இருக்க விளிம்பையும் ஊதுங்க. கேமரா பைய மாசத்துக்கு ஒருக்கா கவுத்து வேக்குவம் போடுங்க. ஜூம் பண்ணா நீளுற லென்ஸ் உள்ள காத்த இழுக்கும், மண்ணுப் பக்கம் எடுத்துட்டு வந்தா குழலத் தொடைச்சிட்டு அப்புறமா உள்ள சுருக்குங்க.

வைகைக்கரை_ஃப்ரேம்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, ஒளிவாங்கி அண்ணே உங்க நிழல் விளக்கம் படிச்சப்புறம்தான் மனசு நிம்மதி ஆச்சு. டெஸ்ட் ஷாட் எடுத்தேன், வானத்துல பாத்ததவிட அதிகமாவே இருந்துச்சு. ஃபேன நிறுத்திட்டு க்ளீனிங் மோடு, அப்புறம் பெரிய ப்ளோயர் வாங்கி கேமராவக் கவுத்துப் புடிச்சு ஊதினேன். அந்த நார் முதல்லயே போயிருச்சு! முக்கால்வாசிப் புள்ளியும் போயிருச்சு. நடுவுக்குப் பக்கத்துல வலது பக்கமா ரெண்டு மட்டும் அதே இடத்துல அசையாம நிக்குது, எஃப் 8ல தெரியல, எஃப் 11ல லேசா தெரியுது. எண்ணெய் மாதிரி வளையம் எதுவும் இல்ல. இதுக்கு ஸ்வாப் போடவா, இல்ல திருவிழா முடியட்டும்னு விடவா? பக்கத்து வீட்டு அண்ணன் ஸ்பிரிட்ல பட்ஸ் தொட்டு எடுத்துறலாம்னு கூப்புடுறாரு, எனக்கு பயமா இருக்கு.

ஸ்க்ரூடிரைவர்_நெல்லை:

பட்ஸும் வேண்டாம் ஸ்பிரிட்டும் வேண்டாம், அண்ணன்கிட்ட பக்குவமா சொல்லிருங்க. பட்ஸ்ல பஞ்சு பிரிஞ்சு உள்ள நிக்கும், மெடிக்கல் ஸ்பிரிட்ல தண்ணியும் வேற சரக்கும் கலந்திருக்கும், காஞ்சா கறை உழும். கண்ணாடி தொடைக்கற துணி, மொபைல் ஸ்க்ரீன் ஸ்ப்ரே எதுவும் இதுக்கு ஆகாது.

திருவிழாவுக்கு முன்னாடி ஸ்வாப் தேவையே இல்ல. அழகர் எறங்கறது அதிகாலை, வெளிச்சம் கம்மி, நீங்க எஃப் 2.8லதான் நிப்பீங்க, எஃப் 8லயே தெரியாத புள்ளி அங்க எப்படி தெரியும். அங்க உங்க கவலை தண்ணிதான், தோப்பறைன்ற தோல் பையில இருந்து பீச்சி அடிப்பாங்க, கூட்டத்துக்குள்ள லென்ஸ் கழட்டாதீங்க. ரெண்டு கேமரா பாடி கிடைச்சா ஒவ்வொண்ணுலயும் ஒரு லென்ஸ மாட்டி விட்டுருங்க, ஒண்ணுதான்னா எந்த லென்ஸ்னு வீட்டுலயே முடிவு பண்ணிட்டுப் போங்க. மண்டகப்படி ஓரமா மாத்தியே ஆகணும்னா கேமராவ ஆஃப் பண்ணி, காத்துக்கு முதுகக் காட்டி நின்னு, வாயக் கீழ கவுத்து, அடுத்த லென்ஸோட மூடிய முன்கூட்டியே தளத்தி வெச்சுட்டு மாத்துங்க.

திருவிழா முடிஞ்சு மறுபடி மலைக்குப் போறதுக்கு முன்னாடி ஸ்வாப் போடலாம். உங்க சென்சார் 36க்கு 24 மில்லிமீட்டர், அதனால 24 மில்லிமீட்டர் அகல ஸ்வாப், சின்ன சென்சார்காரங்க 16 வாங்கணும். சீல் வெச்ச பாக்கெட்ல வர்றதா பாத்து வாங்குங்க, திரவம் சென்சாருக்குன்னே விக்கறதா இருக்கட்டும். சிலது மெத்தனால், சீக்கிரம் தீப்பிடிக்கும், விளக்கு ஏத்தி வெச்சிருக்க ரூம்ல பண்ணாதீங்க, குழந்தைங்க கைக்கு எட்டாம வைங்க. முதல்ல மறுபடி ஊதணும், ஸ்வாப் போடற அன்னிக்கும் ஊதணும். ஸ்வாப் நுனியில ரெண்டு சொட்டு, அதுக்கு மேல வேண்டாம், ஊறட்டும்னு கொஞ்சம் நிறுத்துங்க. ஒரு ஓரத்துல வெச்சு, லேசா சாய்ச்சு, பேனாவால எழுதற அழுத்தத்தவிட கம்மியா அழுத்தி, நிறுத்தாம அடுத்த ஓரம் வரைக்கும் இழுங்க. ஸ்வாப்போட மறுபக்கத்த வெச்சு அங்கேருந்து திரும்ப இழுங்க. அதோட அத தூக்கிப் போடுங்க, சிக்கனம் பாத்து அதே ஸ்வாப்ப இன்னொருக்கா ஓட்டினா எடுத்த அழுக்கயே திரும்பத் தேய்க்கறீங்கன்னு அர்த்தம்.

முடிஞ்சதும் எஃப் 16ல டெஸ்ட் எடுத்து இங்க போடுங்க. ஓரத்துல ஈரம் காஞ்ச கோடு தெரிஞ்சா திரவம் கூடிருச்சு, புது ஸ்வாப்ல ஒரு சொட்டோட ஒரு தடவ போட்டா போயிரும். அதுக்கும் அந்த ரெண்டு புள்ளியும் அப்படியே நின்னா ஃபில்டருக்குப் பின்பக்கம் இருக்கான்னு பிரிச்சுத்தான் பாக்கணும், அது வீட்டு வேல இல்ல, அப்ப மட்டும் சர்வீஸ் சென்டருக்குக் குடுங்க, எத்தன நாள்ல கிடைக்கும்னு எழுதி வாங்கிட்டுக் குடுங்க.